இரண்டு பேட்டைக்கு ஒரு பேத்தி

சான் மார்க்கோ தெரு, சியெனா
மே 3

கமில்லோ அவர்களுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள். புதன்கிழமைச் சந்தையில் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். பிறகு இரண்டு பேரும் கத்தரிக்காயைப் பார்த்தோம்.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆமைப் பேட்டைக்காரரான உங்கள் குரல் எங்கள் நத்தைப் பேட்டை வீட்டுக்குள் கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கடிதமென்றால் வாசலில் நின்று படித்துவிட்டு உள்ளே போகலாம். இதைப் பியாவின் காப்பிக் கடையில் கொடுத்து வைக்கிறேன். அவள் முள்ளம்பன்றிப் பேட்டைக்காரி. நத்தையும் ஆமையும் அவளுக்கு ஒன்றுதான். பதிலையும் அங்கேயே கொடுங்கள். தபாலில் போட்டால் இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டிய கடிதம் ஃப்ளோரன்ஸ் வரை போய்ச் சுற்றிவிட்டு வருகிறது.

விஷயம் இதுதான். என் மகள் லெத்திசியா தூரினிலிருந்து பேசினாள். உங்கள் மகன் தொமாஸோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்பது அவள் காட்டிய மரியாதையிலேயே தெரிந்தது.

“அப்பா, பதினேழாம் தேதி சனிக்கிழமை பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றோம். ஊரச் சுத்திக் காட்டணும். நீங்களும் மாமாவும் சேர்ந்துதான் காட்டணும்.”

“எந்த மாமா?”

“அப்பா!”

“எனக்குத் தெரிஞ்சு உனக்கு மாமான்னு அந்தத் தெருவுல யாரும் இல்ல.”

“சரி, அப்ப வரல. கடலுக்குப் போறோம். பிள்ளைங்களுக்கு மணல்ல விளையாடணுமாம்.”

என் பேரப் பிள்ளைகள் சியெனாவை விட்டுவிட்டு மணலைப் பார்க்கப் போவதா? மணல் எங்கேயும் இருக்கிறது.

மூத்தவள் ஒத்தாவியாவுக்கு எட்டு வயதாகிறது. இந்த வயது வரை தலை நனையாத பிள்ளை இந்த ஊரில் உண்டா? தேவாலயத்தில் ஊற்றுகிற தண்ணீரைச் சொல்லவில்லை. பேட்டை நீரூற்றில் ஊற்றி, கழுத்தில் பேட்டைத் துண்டைக் கட்டி, இவள் எங்கள் பிள்ளை என்று சொல்கிற தண்ணீரைச் சொல்கிறேன். தாய் நத்தை, தகப்பன் ஆமை. எந்த ஊற்று என்று சண்டை வருமென்று பயந்து, பேட்டைக்குப் பேட்டை மோதுகிற குதிரைப் பந்தய நாட்களில்கூடப் பிள்ளைகளைத் தூரினில் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். இப்போது என் மகள் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். இரண்டு தாத்தாவும் சேர்ந்து ஊரைக் காட்டட்டும். அதற்குப் பிறகு ஒத்தாவியா தானாக எந்தப் பேட்டை என்று சொல்கிறாளோ, அதுதான் முடிவு. யாரும் அவளைக் கேட்கக் கூடாது. பிள்ளைகள் முன்னால் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் கிடையாது.

நான் சம்மதித்துவிட்டேன். அதனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் கல்யாண விருந்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பாடிய பாட்டு இன்னும் காதில் இருக்கிறது. பந்தயத்தில் தோற்ற கோபத்தில் அந்தோனியார் சிலையைக் கிணற்றில் போட்ட நத்தைகள் என்று பாடினீர்கள். அதையும் கேக் வெட்டுவதற்கு முன்னால் பாடினீர்கள். நான் எழுந்து போனேன். இன்று பாடினாலும் எழுந்து போவேன்.

ஒரெஸ்தே பிந்தி
(கூரை ஓட்டு மேஸ்திரி)


காஸ்டெல்வெக்கியோ, சியெனா
மே 6

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதம் கிடைத்தது. “ரெண்டு பேரும் கூப்பிடு தூரத்துல இருக்கீங்க. நான் என்ன தபால்காரியா?” என்று பியா சத்தம் போட்டாள். கூடுதலாக ஒரு காப்பி குடித்துச் சமாதானம் செய்தேன்.

நான் அன்றைக்கு உண்மையாகவே கத்தரிக்காயைத்தான் பார்த்தேன்.

பாட்டு விஷயம். காலமெல்லாம் மருந்துக் கடையில் நின்றவன் நான். கசப்பைச் சிரித்துக்கொண்டே கொடுத்துப் பழக்கம். ஆனால் அதே மேசையில் நீங்கள் என் கொழுந்தியாளைக் கூப்பிட்டு, “இங்க ஆமை சூப் கிடைக்குமா?” என்று கேட்டதை எழுத மறந்துவிட்டீர்கள். நான் பாடியது அதற்குப் பிறகுதான். அந்த அம்மாள் இன்றைக்கும் சூப் குடிப்பதில்லை.

தொமாஸோவும் அதே சட்டத்தைத்தான் சொன்னான். எனக்கும் சம்மதம். என் பங்குக்கு மூன்று விஷயம் சேர்க்கிறேன். யாரும் துண்டு கட்டி வரக் கூடாது. யாரும் பாடக் கூடாது, நான் உட்பட. கடைசியாக யார் ஜெயித்தது என்ற பேச்சை எடுக்கக் கூடாது. இது உங்கள் நன்மைக்குத்தான். லெத்திசியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நத்தை ஜெயித்தது. அதற்குப் பிறகு ஆமை ஜெயித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு இரத்தக் கொதிப்பு வரும். மருந்துக் கடைக்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியாகப் போவது என்று எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி,
கமில்லோ


சான் மார்க்கோ தெரு
மே 10

கமில்லோ அவர்களுக்கு,

அந்த அம்மாள் சூப் குடிக்காததற்கு நான் பொறுப்பல்ல. கேள்விதான் கேட்டேன்.

வழி இதோ. காலையில் பிள்ளைகள் வந்து இறங்கியதும் பெரிய தேவாலயம். அங்கிருந்து காம்போ சதுக்கம், கோபுரம். பகலுணவு நம் இருவர் பேட்டையும் அல்லாத ஒரு கடையில். பிறகு மதிலுக்கு வெளியே இறங்கி, ஒலிவ மரங்களுக்கு நடுவே நடந்து, எங்கள் பக்கத்துக் கோட்டை வாசல் வழியாக மறுபடி மேலே ஏறுகிறோம். எங்கள் ஊற்றைப் பார்ப்பார்கள். உங்கள் ஊற்றை நீங்களே கூட்டிப் போய்க் காட்டுங்கள். நான் முனையில் நிற்பேன். ஆமைத் தெருவில் கால் வைக்க மாட்டேன். உங்கள் தெருவில் கூரை ஓடு மாற்றக் கூப்பிட்டபோதே நான் போனதில்லை. நல்ல கூலி சொன்னார்கள். ஒழுகட்டும் என்று விட்டேன்.

பிள்ளைகளுக்கு என்ன காட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. நகராட்சி நூலகத்தில் சியெனாவைப் பற்றி இருக்கிற புத்தகம் எல்லாவற்றையும் மழைக்காலங்களில் படித்து முடித்தவன். மழை பெய்தால் கூரை வேலை இல்லை.

இன்னொன்று. பந்தயத்துக்கு முன் குதிரையைத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போய் ஆசீர்வதிப்பதை நான்தான் சொல்வேன். உள்ளே சாணி போட்டால் நல்ல சகுனம் என்பதையும் நான்தான் சொல்வேன். அது பிள்ளைகளுக்குப் பிடித்த இடம். அதை நீங்கள் தட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஒரெஸ்தே


காஸ்டெல்வெக்கியோ
மே 12

அன்புள்ள சம்பந்தி,

சாணியை உங்களுக்கே விட்டுத் தருகிறேன்.

உங்கள் வழியைப் படித்தேன். எங்கள் தெரு வழியாகப் போனால் ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் உங்கள் ஊற்றுக்குப் போய்விடலாம். நீங்கள் ஊரையே சுற்றி வருகிறீர்கள். சின்னவன் எலியோவுக்கு ஐந்து வயது. அந்த ஒலிவத் தோட்டத்தில் அவனுக்கு அவசரம் வந்தால் என்ன செய்வீர்கள்? யோசியுங்கள்.

சனிக்கிழமை பார்ப்போம். துண்டு வேண்டாம்.

கமில்லோ


சான் மார்க்கோ தெரு
மே 18

கமில்லோ அவர்களுக்கு,

நேற்று நடந்ததைப் பற்றி என் கணக்கை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணக்குதான் ஊரில் நிற்கும்.

பெரிய தேவாலயத்தில் கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும் தூண்களைப் பார்த்து எலியோ, “இது வரிக்குதிரைப் பேட்டையா?” என்று கேட்டான். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அது சிரிப்பில் சேராது. பிள்ளை கேட்டதற்குச் சிரித்தது.

கோபுரத்தில் நான் எங்கேயும் நிற்காமல் ஏறினேன். நீங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு எலியோவோடு கீழே உட்கார்ந்துவிட்டீர்கள். மேலே ஒத்தாவியாவை நிறுத்தி, நான் ஓடு மாற்றிய கூரைகளைக் காட்டினேன். “இதுவும் நீங்களா தாத்தா? அதுவும் நீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரில் பாதிக் கூரை என் கை பட்டது. பிறகு கீழே குனிந்து சதுக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “ஓடு மாதிரி” என்றாள். நத்தை ஓடு என்று நான் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான். கீழே வந்ததும் நீங்கள், “மேலேருந்து பாத்தா கட்டம் கட்டமா ஆமை முதுகு மாதிரி இருக்குமே” என்றீர்கள். மேலே ஏறாத மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது?

பிற்பகலில் மதிலுக்கு வெளியே போக ஒத்துக்கொண்டு வந்தீர்கள். கோட்டை வாசலைத் தாண்டுவதற்கு முன்பே எலியோ காலைப் பின்னிக்கொண்டு நின்றான். நான் நத்தைத் தெருவுக்கு ஓடலாம் என்றேன். அவனால் முடியவில்லை. உங்கள் தெருவின் முனையில், ஆமைக் கல் பதித்த சுவரின் அடியிலேயே முடித்துவிட்டான். என் பேரன் உங்கள் சுவரில் கையெழுத்துப் போட்டான் என்று நான் சொன்னது உண்மை. அதைச் சண்டை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதெல்லாம் சரி. காரியம் கெட்டது எங்கே என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பே, சதுக்கத்தில் கெட்டது. குடை பிடித்த அந்த வழிகாட்டி வெளியூர்க் கூட்டத்தை நிறுத்தி, இந்தப் பந்தயமெல்லாம் இப்போது பார்க்க வருகிறவர்களுக்காக நடத்துகிற வேடிக்கை என்று சொன்னபோது, நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. எத்தனை வருடமாக நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று என் வாயாலேயே சதுக்கத்தின் நடுவில் கத்தினேன். பேத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஐஸ்கிரீம் கடை. அங்கிருந்து பேருந்து வரை அவள் உங்கள் கையைத்தான் பிடித்திருந்தாள். ஒலிவத் தோட்டத்தில், எங்கள் ஊற்றில், எங்கேயும் அந்தக் கையை விடவில்லை. எங்கள் ஊற்றில் தண்ணீர் குடித்தபோதும் ஒரு கையால்தான் குடித்தாள்.

தோற்கிறவன் பக்கம் பிள்ளை எதற்கு வரும்? எனக்குப் புரிகிறது. நான் சின்ன ஆள் இல்லை.

ஒரெஸ்தே


காஸ்டெல்வெக்கியோ
மே 20

அன்புள்ள சம்பந்தி,

சுவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த மிருகமும் தன்னுடைய எல்லையில்தான் அப்படிச் செய்யும். எலியோ எங்கள் இடத்தைத் தன் இடம் என்று அடையாளம் வைத்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுவரை யாரும் கழுவவில்லை.

கோபுரத்தில் நான் சின்ன வயதில் ஏறியிருக்கிறேன். ஆமை முதுகு அப்போதும் அங்கேதான் இருந்தது.

சதுக்கத்தில் நடந்ததை நீங்கள் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. எனக்குக் கேட்டது. நான் எழுதுகிறேன்.

அவன் “வேடிக்கை” என்ற சொல்லைச் சொல்லி முடிக்கவில்லை. நீங்கள் குடையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டீர்கள்.

“யாருக்குய்யா வேடிக்கை? உனக்கா?”

“ஐயா, நான் இவங்களுக்கு விளக்கிட்டு இருக்கேன்...”

“விளக்கு. நல்லா விளக்கு. என் மக பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து நாங்க தோத்துட்டு இருக்கோம். ஒவ்வொரு வருசமும் குதிரையக் கொண்டாந்து, ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து காவல் காத்து, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, தோத்துட்டு வர்றோம். அழுதுட்டு வர்றோம். அடுத்த வருசம் திரும்பப் போறோம். வேடிக்கைக்கு எவன்யா இப்படித் தோப்பான்?”

அப்போது இன்னொரு குரலும் கேட்டது. “தோக்கடிக்கிறவன் நான் சொல்றேன். இவரு அழுதத நான் பாத்திருக்கேன். அது நடிப்பு இல்ல!” அது என் குரல். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்க்கவில்லை. அந்த வெளியூர்க்காரர்களில் ஒரு பெண்மணி கை தட்டினாள். அதற்கும் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே, “கை தட்டாதீங்க!” என்று கத்தினோம்.

பின்னால் லெத்திசியாவும் தொமாஸோவும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். “பிள்ளைங்க முன்னாடி சண்டை போட்டா கிடையாதுன்னுதான சொன்ன? இது எதுல சேரும்?” என்று என் மகன் கேட்டான். “ஒருத்தரோட ஒருத்தர் போடலையே” என்றாள் உங்கள் மகள். அவள் வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டியவள்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. சியெனாவில் பிறந்ததற்கு இவ்வளவு பெருமைப்பட்ட நாள் அதிகம் இல்லை. அதில் ஒரு நத்தை என்னோடு நின்றதை மறைக்க மாட்டேன்.

ஒத்தாவியா என் கையைப் பிடித்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பிடித்தாள். அவ்வளவுதான் இப்போது சொல்வதற்கு இருக்கிறது.

கமில்லோ


சான் மார்க்கோ தெரு
மே 24

கமில்லோ அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். அடக்கமாக எழுதினால் ஜெயித்தது தெரியாது என்று நினைக்கிறீர்கள்.

லெத்திசியா நேற்று பேசினாள். பிள்ளைகள் ஊர் நினைவாகவே இருக்கிறார்களாம். எலியோ பள்ளியில் குதிரைச் சாணியைப் பற்றிப் பேசி ஆசிரியையிடம் திட்டு வாங்கினானாம். ஒத்தாவியாவைப் பற்றி அவளாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல. கேட்டு வாங்கிய பிள்ளை எனக்கு வேண்டாம். எந்த நத்தையும் இதுவரை கெஞ்சி ஆள் சேர்த்ததில்லை.

அவள் பிறந்த வாரத்தில் வாங்கிய துண்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும். அதை எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். மடிப்பு இருந்த இடத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பரவாயில்லை. எங்கள் தெருவில் இன்னும் பிள்ளைகள் பிறக்கும்.

ஜூன் நடுவில் அந்தோனியார் திருவிழாவில்தானே உங்கள் பேட்டையில் தலை நனைப்பீர்கள்? எந்த நேரம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். வரமாட்டேன். அந்த நேரத்தில் உங்கள் தெருப் பக்கமுள்ள ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். உங்கள் முரசுச் சத்தம் கேட்காமலிருக்கத்தான். அவள் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது.

ஒரெஸ்தே


காஸ்டெல்வெக்கியோ
மே 28

சம்பந்தி,

ஜன்னலைச் சாத்த வேண்டாம்.

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்துவிடலாம் என்று நாள்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். இந்த வருடம் தலை நனைக்கிற பிள்ளைகளின் பெயரை உங்கள் பேட்டையில் கேட்டு முடிக்கும் வரை பேசாமல் இருந்தால் ஒரு வருடம் போகும். ஒரு வருடத்தில் பிள்ளை மனம் மாறலாம். மருந்துக் கடைக்காரன் எதையும் நாள்பட வைத்துப் பார்ப்பான். ஆனால் “அவள் பெயரைக் கூப்பிடும் சத்தம்” என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என்னால் வைத்திருக்க முடியவில்லை.

ஐஸ்கிரீம் கடையில் நீங்கள் எலியோவின் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது ஒத்தாவியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“கமில்லோ தாத்தா, ஒண்ணு சொன்னா அழக் கூடாது.”

“ஆமை அழாது. ஓடு இருக்குல்ல. சொல்லு.”

“நான் நத்தை.”

ஐஸ்கிரீம் உருகி என் மணிக்கட்டில் வழிந்தது. அவளே காகிதத்தை எடுத்துத் துடைத்தாள்.

“ஏம்மா? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்ல. அந்தத் தாத்தா கத்துனாருல்ல, அம்மா பள்ளிக்கூடம் போனதுலேருந்து தோத்துட்டு இருக்கோம், ஆனா திரும்பத் திரும்பப் போறோம்னு. நீங்கதான் ஜெயிக்கிறீங்களே. உங்களுக்கு ஆளு நிறைய வரும். அங்கதான் நான் வேணும்.”

நீங்கள் வாயைத் திறந்ததால் தோற்றதாக எழுதியிருந்தீர்கள். அந்த வாய்தான் ஜெயித்தது. என் காலத்தில் நாங்கள் ஜெயித்த ஒவ்வொரு பந்தயத்தையும் அவளுக்குச் சொல்ல நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

“அப்ப ஒரெஸ்தே தாத்தாகிட்டப் போயி சொல்லு” என்றேன்.

“நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அவரு அழுவாரு. நத்தைக்கு உடம்பு மெத்துனு இருக்கும்ல.”

அதற்குப் பிறகுதான் என் கையைப் பிடித்தாள். பேருந்து வரும் வரை விடவில்லை. நீங்கள் அதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் நினைத்தது போல அது பாசத்தால் பிடித்த கை அல்ல, சம்பந்தி. துக்க வீட்டில் பிடிக்கிற கை. உங்கள் ஊற்றுக்கு முன்னால் நின்றபோது இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள். அழுகிறேனா என்று.

நான் அழவில்லை. இதையும் நீங்கள் ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

எட்டு வயதில் ஜெயிக்கிறவர்களை விட்டுவிட்டுத் தோற்கிறவர்களிடம் போகிற பிள்ளை. அவள் உடம்பில் பாதி இரத்தம் எங்கள் வீட்டு இரத்தம். அந்தத் திமிர் எந்தப் பாதியிலிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கமில்லோ


சான் மார்க்கோ தெரு
மே 29

சம்பந்தி,

கடிதத்தைப் பியாவின் கடையிலேயே படித்தேன். “என்ன, கண்ணுல என்ன?” என்று கேட்டாள். காப்பி இயந்திரத்திலிருந்து ஆவி அடித்தது என்றேன். இயந்திரம் அப்போது ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா என்று நீங்கள் போய் விசாரிக்க வேண்டாம்.

லெத்திசியாவிடம் பேசிவிட்டேன். பெயரும் கொடுத்துவிட்டேன். எங்கள் திருவிழா ஜூன் கடைசியில், பேதுரு பவுல் நாளில். தலை நனைப்பது பிற்பகலில்.

நன்றி என்று எழுத மாட்டேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி கேட்கிற ஆள் நீங்கள் இல்லை. நீங்கள் அப்படிப்பட்ட ஆளாக இருந்தால் உங்களோடு இத்தனை வருடம் பகை வைத்திருக்க மாட்டேன். பகைக்கும் ஒரு தரம் வேண்டும். ஆனாலும் அதைச் சொல்லாமல் வைத்திருந்த அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். கல்யாணப் பாட்டுக்குப் பக்கத்தில் அதையும் வைத்திருக்கிறேன்.

திமிர் எந்தப் பாதியிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாதிக்குத் திமிர் எதற்கு? நீங்கள்தான் ஜெயிக்கிறவர்கள் ஆயிற்றே.

இப்போது ஒரு விஷயம். இதை நான் இருக்கும்வரை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. அன்றைக்கு நீங்கள் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் இதை எழுதியிருந்தால் என் கையை நானே உடைத்திருப்பேன். இது உங்களுக்காக அல்ல. தலையில் தண்ணீர் விழும்போது அவள் என்னைப் பார்க்க மாட்டாள். அவளை எனக்கு இப்போது தெரியும். கூட்டத்தில் உங்களைத்தான் தேடுவாள், அழுகிறீர்களா என்று பார்க்க. நீங்கள் அங்கே இல்லாவிட்டால் பிள்ளை முகம் வாடிவிடும். என் பேத்தி எங்கள் ஊற்றில் வாடிய முகத்தோடு நனையக் கூடாது. அதனால் வலப்பக்கம், படியின் மேல் நில்லுங்கள். உயரமான இடம், அவள் கண்ணுக்குத் தெரிவீர்கள். எங்கள் ஆட்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு பேர் முறைப்பார்கள். முறைக்கட்டும். நீங்களும் முறையுங்கள்.

உங்கள் மஞ்சள் நீலத் துண்டைக் கழுத்தில் கட்டி வரக் கூடாது. வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் வைத்துவிட்டு வரமாட்டேன். கால்சட்டைப் பையில் வையுங்கள். ஒரு நுனி வெளியே தெரிந்தாலும் நான் அப்போது பேத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எலியோ இன்னும் பாக்கி இருக்கிறான். சுவர்க் கையெழுத்து செல்லாது என்று சொல்லி வைக்கிறேன். அடுத்த வருடம் அவனுக்கு ஊரைக் காட்டுவோம். அந்தத் தடவை சாணியை நீங்கள் சொல்லலாம். பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

ஜூலையில் பந்தயம் வந்துவிடும். அதன் பிறகு இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. குதிரை எங்கள் தெருவுக்குள் வந்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஆமை, நான் நத்தை. சந்தையில் பார்த்தால் கத்தரிக்காயைப் பார்ப்போம். பந்தய நாட்களில் தொமாஸோ பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வருவான், லெத்திசியா பெட்டியோடு என் வீட்டுக்கு வருவாள். அந்த நாலு நாளும் அவள் உங்கள் மருமகள் இல்லை, என் மகள். ஒவ்வொரு வருடமும் நடக்கிறதுதான். உங்களுக்கும் தெரியும்.

இந்த வருடம் எலியோவையும் தூரினில் விடப் போவதில்லையாம். பேட்டை இல்லாத பிள்ளை. இந்தத் தடவை அவன் தகப்பனோடு உங்கள் வீட்டில் இருக்கட்டும். முனை வரை வந்து எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் மகனைக் கூட்டிப் போகப் பேருந்து நிலையத்துக்கு வருவீர்கள். நானும் வருவேன். பேச வேண்டாம். ஆனால் உங்கள் வண்டியில் தெரியாமல் எல்லாப் பெட்டியையும் ஏற்றிவிடாதீர்கள். எப்போதும் என் பக்கம் ஒரு பெட்டிதான் வரும். இந்தத் தடவை இரண்டு. சின்னப் பெட்டியை ஒத்தாவியாவே தூக்கி வருவாள். தூக்க விடுங்கள்.

ஒரெஸ்தே